கண்ணை மூடிக்கொண்டு குடித்த பியர்

மகன்,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்தேன். கன்னம் உப்பியிருக்கிறது, தாடியை யாரோ பக்குவமாக ஒதுக்கி விட்டிருக்கிறார்கள், பின்னால் நீ வேலை செய்கிற பியர் ஆலையின் பெரிய தாங்கிகள் பளபளவென்று நிற்கின்றன. நீயும் என்னைப் பார்த்தாய். நெஞ்சுக்கு மேலே மட்டும்தான் பார்த்தாய். அம்மா போனை எப்படிப் பிடிக்கிறாள் என்பதை நீ கவனித்ததே இல்லை. என் கழுத்துக்கு நேரே பிடிப்பாள், ஒரு சாண் கீழே இறங்க விடமாட்டாள். பல மாதமாக உன் அப்பாவுக்கு உடம்பு நெஞ்சோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் எங்கே என்று நீயும் கேட்கவில்லை.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுதக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "பிள்ளை அந்நிய ஊரில தனிய நிண்டு பதறும்" என்கிறாள். பதறட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொன்ன அந்தச் "சின்னப் புண்" இதுதான். இந்த வரியை வாசித்ததும் போனைத் தூக்காதே, முழுவதையும் வாசி. இப்போதே அழத் தொடங்கினால் எதற்காக அழ வேண்டும் என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆவணியில் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறாய். பெண் அங்கே இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளை, நன்றாகத் தமிழ் கதைக்கிறாள், சந்தோசம். கல்யாணத்தைத் திருகோணமலையில் வைக்க வேண்டும், விருந்துக்கு உங்கள் ஆலையின் பியர் வர வேண்டும், முதல் போத்தலை அப்பாதான் திறக்க வேண்டும் என்று உன் ஆசைகளை வரிசையாகச் சொன்னாய். அதற்கும் மேலே ஒன்று. அந்தப் பியருக்குப் புது லேபல் அடிக்கப் போகிறார்களாம். நான் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற முகத்தை அதில் போட முதலாளி விரும்புகிறாராம். "அப்பா, இஞ்ச எல்லாருக்கும் உங்களைத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருப்பது நீ எடுத்த வீடியோ. அந்தப் பின்னேரம் முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் அதை நான் சொல்கிறேன்.

போன முறை நீ வந்தபோது உன் பெட்டியில் உடுப்பை விடப் போத்தல்தான் அதிகம். சட்டைக்குள் சுற்றி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, பிறந்த பிள்ளையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தாய். விறாந்தையில் கதிரைகளைப் போட்டு என்னையும் அம்மாவையும் நசீரையும் இருத்தினாய். நசீர் என்னோடு துறைமுக இழுவைப் படகில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவன், இன்றைக்கும் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி என்னைப் பார்க்க வருகிறவன். ஒரு சொட்டும் குடியாதவன். அவனையும் விடவில்லை. குடிக்காவிட்டால் மூக்கில் வைத்து மணந்தாவது பாருங்கள் என்று இருத்தினாய். அம்மா கணவாய் மீனைப் பிரட்டிக் கோப்பையோடு கொண்டுவந்தாள். "காரம் நாக்கைக் கெடுத்துப்போடும் அம்மா, உள்ள கொண்டு போங்கோ" என்றாய். காலையிலிருந்து அதைத் துப்புரவாக்கிச் சமைத்தவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குத் திரும்பிப் போனாள். நீ பார்க்கவில்லை. பாண் துண்டுகளையும் சீஸையும் அடுக்கிக்கொண்டிருந்தாய்.

பிறகு பிரசங்கம் தொடங்கியது. வட இத்தாலியில் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள் சேர்ந்து நடத்துகிற ஆலை. ஹொப்ஸ் என்று ஒரு பூவாம், வெற்றிலைக் கொடி போலக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுமாம். அதைக் காயவைத்து அமுக்கிய பச்சை உருண்டை ஒன்றை எங்கள் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னாய். நாரத்தை போல மணக்கிற ஜம்போலாப் பழத் தோலும் பச்சை மாங்காய்ப் பாலும் சேர்ந்த மணம் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பூவை அள்ளிப் போட்டதால்தான் பியர் பழுதாகாமல் கப்பலில் இந்தியாவரை வந்தது என்றாய். கப்பல் என்று சொன்னால் துறைமுகக்காரன் வாயைப் பிளப்பான் என்று உனக்குத் தெரியும். பிளந்தேன்.

தம்ளரைச் சரித்துப் பிடித்து ஊற்றினாய். கலங்கல் மஞ்சள், மேலே தடித்த நுரை. "குடிக்க முதல் மணந்து பாருங்கோ." நசீர் தம்ளரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் உடனே திருப்பித் தந்தான். "கசாயம் மணக்குது மச்சான்" என்றான். அம்மா நுனிநாக்கில் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "பாவக்காய் அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு தம்பி." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்தபடியே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாய். "அப்பா, கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ. நாக்கில என்னென்ன வருதெண்டு சொல்லுங்கோ."

மூடினேன். முதலில் ஜம்போலாத் தோலை நகத்தால் கீறினது போல ஒரு மணம் மூக்கில் ஏறியது. பிறகு சவுக்கு மரத்துப் பிசின். நாக்கின் நடுவில் இலேசான இனிப்பு வந்தது. அது நிற்பதற்குள் கசப்பு வந்து அதைத் தள்ளிக்கொண்டு தொண்டைவரை போனது. விழுங்கிய பிறகும் கசப்பு போகவில்லை, அடுத்த மிடறைக் கேட்டது. நல்ல பியர், மகன். அதை மறைத்தால் நான் பொய்யன். துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்காரர் எத்தனையோ போத்தல் தந்திருக்கிறார்கள், ஒன்றும் இதற்குக் கிட்ட நிற்காது. உன் கையில் தொழில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் உனக்குக் கிடைக்கிற ஒரே நல்ல சொல் இதுதான், பத்திரமாக வைத்துக்கொள்.

பல வருடமாகக் கிளினிக் மாத்திரை விழுங்குகிற நீரிழிவுக்காரன், கண்ணைத் திறக்காமலே கேட்டேன்: "கசப்பெல்லாம் சீனி வருத்தத்துக்கு நல்லமெல்லோ. இது எனக்கு ஒத்துவருமோ?"

நீ சொன்னாய்: "பின்ன? சீனியை அடிச்சுத் துரத்திப்போடும். ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில ஒண்டு எடுங்கோ அப்பா. உங்களுக்கு இனிக் குளிசை எதுக்கு?" பிறகு இத்தாலி மொழியில் ஏதோ சொன்னாய். நான் கண்ணைத் திறந்தபோது நீ போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய்.

பகிடிக்குச் சொன்னேன் என்று இப்போது சொல்வாய். எங்கள் வீட்டில் உன் வாயை யாரும் பகிடி விடுகிற வாயாக வைத்திருக்கவில்லை. நீ பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போனாய். சில நாளில் போன் எடுத்து "அந்தத் தண்ணியைக் குடியாதீங்கோ" என்றாய். ஏன் என்றுகூட அம்மா கேட்கவில்லை. அன்றைக்கே கிணற்றைத் தகரம் போட்டு மூடினாள். எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வரும்வரை இடுப்பில் குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் கிணற்றுத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ர பிள்ளை படிச்சுப்போட்டுச் சொல்லுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நின்றுகொண்டு குளிசை எதற்கு என்று நீ சொன்னால் அது மருந்துச் சீட்டு. கிளினிக் டொக்டர் எழுதுகிற சீட்டை விடப் பெரிய சீட்டு.

நீ போனாய். ஆனால் பியர் நிற்கவில்லை. நிலாவெளியில் இத்தாலிக்காரர் வந்து தங்குகிற ஒரு ஹோட்டலுக்கு உங்கள் ஆலை அதை அனுப்பத் தொடங்கியது. அங்கிருந்து அப்பாவுக்கென்று மாதாமாதம் ஒரு பெட்டி வரும்படி நீ ஏற்பாடு செய்தாய். அக்கறையான மகன் என்று அயலட்டை எல்லாம் பேச்சு. பின்னேரம் ஆனதும் அம்மா பிரிஜைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, நீ காட்டிக்கொடுத்தபடி தம்ளரைச் சரித்து ஊற்றித் தருவாள். மருந்து தருகிற முகத்தோடு தருவாள். என் சீனிக்கென்று பாவற்காய்த் தண்ணீர் அவிப்பதை அவள் விட்டுவிட்டாள், மகன் அதைவிட நல்லதை அனுப்புகிறான் என்று. ஆனால் குளிசையை விட அவள் சம்மதிக்கவில்லை. டொக்டர் தந்ததும் இருக்கட்டும், பிள்ளை தந்ததும் இருக்கட்டும் என்றாள். அதனால் அவள் பார்க்கக் குளிசையை வாயில் போட்டேன், பின்வளவுக்குப் போய் வாழையடியில் துப்பினேன். அந்தக் குளிசை வயிற்றைப் பிரட்டும், தலையைச் சுற்றும். உன் மருந்து பாட்டுப் பாட வைத்தது. துப்பியது உங்கள் வாய்தானே, என் வாய் இல்லையே என்று நீ கேட்கலாம். கேட்டுப் பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே தூங்க முடிந்தால் தூங்கு.

டச்சுக்குடாக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தபோது சிப்பி வெட்டியது. வெட்டியது எனக்குத் தெரியவில்லை. சீனி ஏறிய காலுக்கு நோவு தெரியாது என்று பிறகு சொன்னார்கள். காலணி போட்டபடி ஊரெல்லாம் திரிந்தேன். நசீர் ஒருநாள் வந்து கதிரையில் இருந்தவன் மூக்கைச் சுருக்கினான். "மச்சான், வீட்டுக்குள்ள எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டான். செத்துக் கிடந்தது என் கால். அவன்தான் ஓட்டோ பிடித்து என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான்.

வார்டில் டொக்டர் கேட்டார்: "ஐயா, குளிசை ஒழுங்கா எடுத்தனீங்களோ?" ஓம் என்றேன். சுற்றிவர அத்தனை கட்டிலில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க வேறு என்ன சொல்வது? அவர் அம்மாவிடம் திரும்பினார். "அப்ப வீட்டில என்னத்தைச் சமைச்சுக் குடுக்கிறீங்கள் அம்மா? இந்தாளைக் கொல்லப் பாக்கிறீங்களோ?" வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலை எடுத்த பிறகு ஒருநாள், அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அந்த டொக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "கசப்பான பியர் குடிச்சா சீனி குறையுமோ டொக்டர்?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயாவுக்கு இந்த நிலைமையிலயும் பகிடி" என்று தாதியிடம் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மிச்சத்தை நீயே விளக்கினாய். உங்கள் ஆலைக்காரர் வெளியிட்ட வீடியோவை நசீரின் போனுக்கும் அனுப்பியிருந்தாய், மாமாவும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனைச் சாரத்து மடிக்குள் வைத்தான். "ஒண்டுமில்ல மச்சான்" என்றான். பறித்துப் பார்த்தேன். நான் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, மருந்து குடிக்கிறவன் போலக் குடிக்கிறேன். சீனிக்கு நல்லதோ என்று கேட்கிறேன். நீ பதில் சொல்கிறாய். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய். கீழே இத்தாலி எழுத்து. நசீரின் மகள் போனிலேயே அதைத் தமிழாக்கினாள்: "என் அப்பாவின் டொக்டர் நான்தான்." அதற்குக் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் மணல் போலக் கொட்டிக் கிடந்தன. "புள்ள விளையாட்டுக்குச் சொன்னது மச்சான், மனசில வைக்காத" என்றான் நசீர். மனதில்தான் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பது?

இது இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். கால் என்னுடையது, மூடத்தனமும் பாதி என்னுடையது. ஆனால் அம்மா இருக்கிறாளே. அந்த வார்டில் கேட்ட சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. தன் கைச் சமையல்தான் என் காலைத் தின்றது என்று நம்புகிறாள். காலை, மதியம், இரவு எனக்குக் குரக்கன் மாப் பிட்டு. தானும் அதையே தின்கிறாள், சோறு தொடுவதில்லை. தினமும் காலின் அடிக்கட்டையைக் கழுவித் துடைக்கும்போது "என்ர கையால வந்தது, என்ர கையால வந்தது" என்று முணுமுணுக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் காளி கோவில் வீதியில் அடியழிக்கிறாள். தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழும்பிக் கோவிலைச் சுற்றுகிறாள். இளம்பெட்டைகள் அவளைத் தாண்டிப் போகிறார்கள். வீட்டுக்கு வரும்போது நெற்றியிலும் கைமுட்டியிலும் மண் ஒட்டியிருக்கும், என் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

அதோடு அவள் இன்னும் எனக்குப் பியர் ஊற்றித் தருகிறாள். "நான் சமைச்சுக் கெடுத்ததைப் பிள்ளையின்ர மருந்தாவது சரிக்கட்டட்டும், குடியுங்கோ" என்கிறாள். அவள் உள்ளே போனதும் யன்னலால் ஊற்றிவிடுகிறேன். நேற்று வேலியோரம் மேய வந்த மான் ஒன்று அதை மணந்து பார்த்தது. நீ சொல்லிக்கொடுத்தது போல முறையாக மணந்து பார்த்தது. குடிக்காமல் போய்விட்டது. அந்த அறிவு எனக்கு இருந்திருக்க வேண்டும்.

சொல்லவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். குளிசையைத் துப்பியதையும், நீ கண்ணடித்ததையும், டொக்டர் சிரித்ததையும் எல்லாம் சொன்னேன். வீடியோவைக் கூடக் காட்டினேன். அவள் அதில் உன் முகத்தை மட்டும் பார்த்தாள். "பிள்ளை மெலிஞ்சுபோச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னை ஆறுதல்படுத்தக் கதை கட்டாதீங்கோ. நான் செய்ததைப் பிள்ளையில போடாதீங்கோ. அவன் படிச்சவன், பிழையாச் சொல்லுவானோ?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன செய்ய? உன் ஒரு சொல்லுக்குக் கிணற்றை மூடியவள், என் சொல்லுக்கு வாயைக்கூட மூடமாட்டாள்.

அதனால் நீ வர வேண்டும். கல்யாணத்துக்கு இல்லை, அதற்கு முந்தி. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வராதே, போத்தலும் கொண்டு வராதே. போனில் சொல்லலாம் என்று நினைக்காதே, போனில் அவள் உன் முகத்தைப் பார்ப்பாளே தவிர நீ சொல்வதைக் கேட்கமாட்டாள். அவளுக்கு முன்னால் நிலத்தில் இரு. கசப்பு சீனிக்கு மருந்து என்று நான் பொய் சொன்னேன் அம்மா, சிரிப்புக் காட்டச் சொன்னேன், அப்பாவின் கால் உங்கள் சமையலால் போகவில்லை என்று உன் வாயால் சொல். அவள் உடனே உன்னை மன்னித்துவிடுவாள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் தடுக்க ஏலாது. நீ சொல்லாமல் தாலி கட்ட நினைத்தால் கட்டு. பட்டு வேட்டிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிற அப்பாவை உன் ஆட்கள் நன்றாகப் படம் எடுக்கட்டும். லேபலுக்கும் அதையே போடுங்கள். அந்தப் படத்துக்கு முழு அனுமதி தருகிறேன். கண்ணை மூடிய படம் தரமாட்டேன்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் சொல்லை யோசிக்காமல் நம்புகிற ஒருத்தி இனி உன் வீட்டில் இருப்பாள். அவளோடு சண்டை பிடி, சிரி, பகிடி விடு. அவள் உன்னை நம்பிக் கண்ணை மூடியிருக்கும்போது மட்டும் வேறு ஆட்களைப் பார்த்துக் கண்ணடிக்காதே. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கெட்டவன் சொல்லியிருந்தால் நான் குடித்திருக்கவே மாட்டேன்.

இவ்வளவும் எழுதும்போது அம்மா வந்து பக்கத்தில் நிற்கிறாள். கண்ணாடி போடாமல் அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். "கால் விசயம் எழுதேல்லைத்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நான் சொல்லுறதையும் எழுதுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். உன்னைக் கட்டப் போகிறவள் அவளுக்குப் போன் எடுத்தாளாம். கல்யாணத்துக்கு முந்தியே வந்து நின்று, மாமியின் மீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறாளாம். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டு யோசித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னாள்:

"அந்தப் பிள்ளை வரட்டும், எனக்குச் சந்தோசம். ஆனா சமையல் மட்டும் என்னட்டப் பழக வேண்டாம். வேற ஆரிட்டையாவது பழகட்டும். என்ர கைச் சமையலைச் சாப்பிட்டு நாளைக்கு என்ர பிள்ளைக்கும் கால் போக வேண்டாம். காரணத்தை மட்டும் எழுதிப்போடாதீங்கோ."

எழுதிவிட்டேன்.

அப்பா